விலை பேசியபோது அவள் வீட்டில் இல்லை

மிம்பாவின் பாட்டுக்கு அடியில் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். படகுத்துறையில் நிறுத்தப்போகும் கருங்கல்லில் பாட்டு மேலே, அதன் பொருள் கீழே. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக. அடிமைகள் விடுதலை பெற்ற நாளான ஜனவரி முதல் தேதி, ஆராதனையில் நான் அதை வாசிப்பது என்று ஏற்பாடு. சபை ஒப்புக்கொண்டால் மறுநாளே கல்தச்சர் உளியை எடுப்பார். கொத்திவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவன், அதனால் என்னிடம் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் அந்தப் பாட்டைச் சபையில் சொல்லிவந்தவள் வெர்டெல். என் மனைவி. மே மாதம் இறந்துபோனாள்.

அதன் பிறகு நான் சாப்பிட்டேன், தூங்கினேன், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். ஒருநாள் என் மைத்துனி தாமார் என் சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துத் துப்பினாள். சோற்றில் உப்பே இல்லையாம். அவள் சொல்லித்தான் தெரிந்தது.

மிம்பா எங்கள் தீவின் பருத்திக் காட்டில் அடிமையாக இருந்தவள். எழுதத் தெரியாதவள். அவள் சொன்ன ஐந்து வரிகள் வாய்வழியாக வந்து சபையில் நின்றுவிட்டன.

கைக்கு ஒரு விலை, காலுக்கு ஒரு விலை, முதுகுக்கு ஒரு விலை.
விலை பேசியபோது நான் வீட்டில் இல்லை.
சதுப்பில் புல்லோடு புல்லாய் நின்றேன்.
இதோ, வாசல் திறந்தது.
வா, மிம்பா. இங்கேயே நின்றுவிடாதே.

கல்லூரியில் இதற்கு ஒரே பொருள்தான் சொன்னார்கள். உடல் அடிமை, ஆன்மா சுதந்திரம். திறந்தது மோட்ச வாசல். கடைசி வரியில் அழைப்பது தேவதூதன். ஒருமுறை வெர்டெலிடம் கேட்டேன். “இதுல விளக்க என்ன இருக்கு?” என்று சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன்.

நான் எழுதிய வாக்கியம்: ‘சாவுக்கு அப்பால் மட்டுமே கிடைத்த விடுதலையின் பாட்டு.’ அப்பால் என்று ஒன்று இருப்பதாக எனக்கு நம்பிக்கை இல்லை. மருத்துவமனையில் கடைசிவரை பக்கத்திலேயே இருந்து பார்த்தவன் நான். ஆனால் பாட்டு அதைத்தான் சொல்கிறது என்று நினைத்தேன்.

அன்று சபை நிறைந்திருந்தது. பின்கட்டில் எல்லோருக்கும் காராமணிச் சோறு வெந்துகொண்டிருந்தது. எல்லோரும் அந்த மணத்தை மூக்கால் இழுத்தார்கள். எனக்கு வாசனை எட்டவில்லை.

பாட்டை வாசித்தேன். “ஆமென்” என்றார்கள். பிறகு விளக்கத்தைத் தொடங்கினேன். மிம்பா உடலை உதறினாள், ஆன்மாவாகப் பறந்தாள் என்றேன். ஒரு ஆமென்கூட வரவில்லை.

இரண்டாம் வரிசையிலிருந்து கேட்டோ என்ற வயதான டீக்கன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “கர்த்தாவே, இவனுக்குக் கொஞ்சம் கை கொடும்.”

பேசுகிறவன் தடுமாறினால் எங்கள் சபையில் வரும் ஜெபம் அது.

“சார்ல்ஸ்டன் காலேஜுல இப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்களோ?” என்றாள் ஒருத்தி.

“பிரதரைச் சொல்லி என்ன பண்ண? நாம இங்கயே இருந்தவங்க, அவரு வெளியிலேர்ந்து வந்தவரு.”

சிரித்தார்கள். இங்கே பெண் எடுத்து ஏழு வருடம் ஆகியும் நான் வந்தவன்தான்.

அந்த நேரத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. ஜெனீவ் தன் மகள் கெசியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வாசலில் நின்று, தான் உட்கார்ந்திருந்த காலி இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“வா, கெசியா. இங்கயே நின்னுடாத.”

குழந்தை அவள் இடுப்பில்தான் இருந்தது.

தீவில் எல்லாத் தாயும் செய்வதுதான். இருந்த இடத்தில் உயிர் லயித்து நின்றுவிடும். கிளம்பும்போது பெயர் சொல்லி அழைத்துப்போக வேண்டும். வெர்டெல் என்னையும் கூப்பிடுவாள். கடற்கரையில் கூப்பிடுவாள். கல்யாண வீட்டில் கூப்பிடுவாள். ஒருமுறை வரி அலுவலகத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க. “வா, லெம். இங்கயே நின்னுடாத.” எனக்கு வெட்கமாக இருக்கும்.

கையிலிருந்த தாளில் ஐந்தாம் வரியைப் பார்த்தேன்.

“மோட்ச வாசல் இல்ல,” என்றேன்.

“என்னது?”

“தோட்டத்து வாசல். விடுதலை வந்த அன்னிக்குத் திறந்தது. மிம்பா கிளம்புறா. தன் உயிரைத் தானே பேர் சொல்லிக் கூப்பிடுறா. அவ சாகல.”

கேட்டோ கண்ணைத் திறந்தார். “செத்தான்னு யாரு சொன்னது?”

“புத்தகத்துல.”

“அடப்பாவிகளா! அவ எங்க பூட்டி. கிளம்பிப் போயி, பருத்தி வித்து, நிலம் வாங்கி, எல்லாருக்கும் முன்னாடி வேலி போட்டவ. செத்தவளா வேலி போட்டா?”

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

“விலை பேசுனவன் கையை வாங்குனான்.”

“சொல்லு!”

“காலை வாங்குனான், முதுகை வாங்குனான். ஆளை வாங்கல. ஆள் சதுப்புல நின்னுச்சு.”

“சொல்லு பிரதர்!”

“அவ உடம்பை உதறல. காப்பாத்தி வச்ச உயிரைக் கூப்பிட்டு, அதே கையிலயும் அதே காலுலயும் மறுபடி குடிவச்சா!”

“ஆமென்!” சபையே எழுந்துவிட்டது.

தாமார் மட்டும் கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“லெம். ஆஸ்பத்திரியிலிருந்து நீ கிளம்புனப்போ உன்னை யார் கூப்பிட்டா?”

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிறவள்தான் அங்கே கிடந்தாள்.

“நாங்களும் மறந்துட்டோம்,” என்றாள். “பெட்டி, பூ, வந்தவங்களுக்குச் சாப்பாடுன்னு ஓடினோம். உன் உடம்பை மட்டும் வண்டியில ஏத்திட்டு வந்துட்டோம். எட்டு மாசமா உப்பில்லாம தின்னுட்டு இருக்க, ஏன்னு ஒருத்தருக்கும் உறைக்கல.”

ஜன்னலுக்குத் திரும்பினாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் மருத்துவமனை இருக்கும் திசை.

“வா, லெம். அங்கயே நின்னுடாத.”

கேட்டோ தன் தடியால் பலகைத் தரையை இடித்தார். “வா, லெம்!” இன்னொரு இடி. பிறகு எல்லோருடைய காலும் சேர்ந்துகொண்டது. “வா, லெம்! அங்கயே நின்னுடாத!” திரும்பத் திரும்ப, என் பெயரைத் தண்ணீர் தாண்டி அனுப்பினார்கள். தரை அதிர்ந்தது. அதிர்வு உள்ளங்காலில் ஏறி முழங்காலைப் பிடித்தது. வலித்தது. என் கால் வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு மூக்கில் ஏதோ ஏறியது.

“அடிப்பிடிக்குது,” என்றேன்.

“என்ன?”

“சோறு! பின்கட்டுல சோறு அடிப்பிடிக்குது!”

இடித்த கால்கள் நின்றன. “வந்துட்டான்!” என்று கத்தினாள் தாமார். சிலர் அல்லேலூயா என்றார்கள். இரண்டு பேர் பின்கட்டுக்கு ஓடினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அது அடக்கச் சடங்கிலும் வராத அழுகை.

கல்லில் எழுத வேண்டியதை அங்கேயே நின்று சொன்னேன்: ‘முழு ஆளாக வாசலைத் தாண்டியவளின் பாட்டு.’ மறுத்துப் பேச ஒருவரும் இல்லை.

தாமார் தட்டு கொண்டுவந்தாள். ஒரு வாய் எடுத்தேன்.

“உப்பு தூக்கல்,” என்றேன்.

“ஆமென்,” என்றாள்.