முப்பத்தொரு லோடு

கடிதம் தெலுங்கில் இருந்ததால் ஜெஸி அதை எடுத்துக்கொண்டு கல்லூரி நூலகத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் பாரதிக்குத் தாய்வீடு ஆந்திரத்துக் குப்பம். எழுத்துக் கூட்டாமல் தெலுங்கு படிப்பாள். கோடு போட்ட நோட்டுத் தாளில் மொத்தம் ஆறே வரி. பாரதி முதலில் மனசுக்குள் படித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து மறுபடியும் படித்தாள்.

"இன்னாக்கா இது? மாதனூர் பக்கத்து டிரைவர் கோதண்டராமன் எங்க குண்டுப்பள்ளி குவாரியில முப்பத்தொரு லோடு கழிவு கொட்டினவர், அவருக்கு விருது குடுக்கணும்னு எழுதியிருக்கு."

"கொட்டாம தடுத்தவர்னு இருக்கும். சரியா பாரு."

"கொட்டினவர்தான்."

கீழே முனிரத்தினம்மா, குண்டுப்பள்ளி என்று கையெழுத்து. ஒரு போன் நம்பர். அன்று மாலை ஜெஸி அந்த நம்பருக்குப் பேசினாள். எடுத்த பெண் குரல், ஆமாம், நான்தான் எழுதினேன், எழுதினது சரிதான் என்று தெலுங்கு கலந்த தமிழில் சொல்லிவிட்டு, மாடு கத்துகிறது என்று வைத்துவிட்டது.

விருது அந்த வருஷம்தான் புதிதாக ஆரம்பித்திருந்தது. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைத் தாண்டி, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. நதி மூன்று மாநிலத்துக்கும் பொது என்றாலும் அதற்காக உழைத்தவர்களை அவரவர் மாநிலத்தில்தான் பாராட்டுகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து மண்ணுக்கும் நீருக்கும் நல்லது செய்தவருக்கு ஒரு விருது வைக்கலாம் என்று சொன்னவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் கிருபானந்தம். தோல் வியாபாரி முஜாஹித் செலவை ஏற்றுக்கொண்டார். வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த ஜெஸிக்குத் தமிழ் டைப்பிங் தெரியும் என்பதால் அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். விதிமுறைகளை அவள்தான் அடித்தாள். அதில் ஒன்று முஜாஹித் சொன்னது. இந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கத்து ஆள்தான் பரிந்துரைக்க வேண்டும். நம்ம ஆளை நாமே சொல்லிக்கொண்டால் அது விருது இல்லை, கல்யாண வீட்டு குரூப் போட்டோ என்றார் அவர்.

பதினான்கு விண்ணப்பங்கள் வந்தன. எல்லாவற்றிலும் மரக்கன்று, துணிப்பை, பேனர் முன்னால் வரிசையாக நிற்கும் மனிதர்கள். எல்லாரும் தங்களைத் தாங்களே பரிந்துரைத்திருந்தார்கள். விதிப்படி வந்தது இந்த ஆறு வரி மட்டும்தான்.

ஜெஸிக்கு ஒரு விஷயம் பாதியில் நின்றால் சோறு இறங்காது. மருந்துப் பாட்டிலோடு வரும் மடித்த தாளைக்கூட கடைசி வரி வரை படிப்பவள். கொட்டினவருக்கு எதற்கு விருது? கேலியா, கோபமா, யாராவது சொல்லிக்கொடுத்து எழுதியதா? மூன்று நாள் ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவும்போதெல்லாம் அதே நினைப்பு. நாலாவது நாள் காலை ஏழு மணிக்கு அவள் மாதனூர் நிறுத்தத்தில் இருந்தாள். ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தன. மூன்றாவது பஸ்ஸின் டிரைவர்தான் கோதண்டராமன். ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, நரைத்த மீசை. கடிதத்தின் தமிழாக்கத்தை அவள் ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் படித்துவிட்டு என்ஜினை நிறுத்தினார்.

"அந்தம்மாவா எழுதுச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். இரண்டு நிமிஷம் கழித்து அதையே மறுபடி கேட்டார். பின்னால் பெண்கள் நேரமாச்சு என்று சத்தம் போட்டதும் பஸ்ஸை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு, வந்தால் இடத்தைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு அவள் அவரோடு போனாள். இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஷேர் ஆட்டோ. வழியில் அவராகவே சொன்னார். மூன்று வருஷம் டிப்பர் லாரி ஓட்டியிருக்கிறார். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவை ஏற்றி, விடியும் முன் எல்லையைத் தாண்டி, பாறை உடைத்துக் கைவிட்ட குவாரியில் கொட்டிவிட்டு வர வேண்டும். குவாரி கரட்டுக்குன்றுக்குப் பின்னால் இருந்ததால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை, மிச்சம் கிடக்கும் கல்லை ஏற்ற வரும் வண்டி என்று நினைத்திருந்தார்கள். திரும்பும்போது முதல் வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். அது முனிரத்தினம்மா வீடு. கிணற்றிலிருந்து மொண்டு கொடுப்பாள்.

"ஒருநாள் சொம்ப வாங்கப்போனேன். கைய நீட்டாதேன்னிச்சு. இந்தத் தண்ணி ஒருமாதிரி ஆய்டுச்சு, ஒடம்புக்கு ஆகாது, உனக்கு வேணாம்னு சொல்லி உள்ள போய் வேற கொடத்துலர்ந்து எடுத்தாந்து குடுத்துச்சு, மேடம்." அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது அவங்க வீட்ல குடிக்க ரெண்டு மைல் நடந்து எடுத்தாந்த தண்ணி."

அதற்குப் பிறகு அவர் லாரி ஏறவில்லை. ஒரு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு, பஸ் பிடித்து குண்டுப்பள்ளி போய், ஊர் நடுவில் நின்று சொல்லியிருக்கிறார். ஊர்க்காரர்கள் அடித்தார்கள். முதல் அறை முனிரத்தினம்மாவுடையது. அடுத்த வாரம் மறுபடி போய், எந்த மூலையில் எவ்வளவு என்று குச்சி நட்டுக் காட்டியிருக்கிறார்.

முனிரத்தினம்மா வேலிக்கு அருகில் நின்றிருந்தாள். ஒடிசலான உடம்பு, அறுபதை நெருங்கும் வயது. அவரைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஜெஸிக்கு மட்டும் பாய் விரித்தாள். பிறகு போய்ப் பார்த்த குவாரியில் கழிவை அள்ளிவிட்டிருந்தார்கள், மண்ணில் குரோமியத்தின் பச்சை நிறம் மட்டும் இன்னும் திட்டுத்திட்டாக இருந்தது. ஆய்வகத்தில் தினமும் பார்க்கும் அந்த நிறத்தைத் தரையில் பார்க்க ஜெஸிக்கு என்னவோ போலிருந்தது.

அவரை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

"அது வேற விஷயம்" என்றாள் முனிரத்தினம்மா. "எங்க ஆபீசுல போய்க் கேட்டா, கழிவு அங்கேர்ந்து வந்துச்சு, அங்க கேளுங்கறாங்க. உங்க ஆபீசுல, எல்லைக்கு அந்தப் பக்கம் எங்களுக்குத் தெரியாதுங்கறாங்க. அந்தப் பக்கத்துக்காரங்க யாராச்சும் கழிவு எங்களுதுதான்னு எழுதிக் குடுத்தா தண்ணிக் குழா போட கேக்கலாம்னு ஒரு ஆபீசர் சொன்னாரு. யார் எழுதிக் குடுப்பாங்க? பஸ் ஸ்டாண்டுல உங்க நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. விருது குடுத்தா, எதுக்குக் குடுத்தோம்னு எழுதித்தானே ஆகணும்?"

ஜெஸி அடித்த விதிமுறைகள் மொத்தம் பதினொன்று. அதில் எங்கேயும் இப்படி ஒரு வழி இருக்கும் என்று குழுவில் யாருக்கும் தோன்றியிருக்காது.

கோதண்டராமனுடைய சம்மதக் கையெழுத்து வேண்டும். இப்போது ஓட்டும் பஸ் வேலை போகக்கூடும், போலீஸ் கேஸ்கூட வரலாம் என்று அவளே அவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

குழு கூடியது. கிருபானந்தம் கடிதத்தைப் படித்துவிட்டு, குற்றம் செய்தவனுக்கு மாலை போட்டால் ஊர் சிரிக்கும் என்றார். முஜாஹித் யாருடைய லோடு என்று கேட்டார். டிரைவர் சொன்னதை ஜெஸி சொன்னாள். அது முஜாஹித் தினமும் சலாம் சொல்லும் ஒருவருடைய டேனரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கம்பெனி பேர் நமக்குத் தேவையில்லை, அது கோர்ட் வேலை என்றார் கடைசியில். ஆனால் விதி அவருடையது, அதன்படி வந்த ஒரே கடிதத்தை அவரால் தள்ள முடியாது.

பாராட்டுரையை எழுதும்போதுதான் உண்மையான சண்டை வந்தது. கழிவு கொட்டப்பட்டது என்று போடலாம், அதுதான் கௌரவமான தமிழ் என்றார் கிருபானந்தம். ஜெஸி அதுவரை குழுவில் எதிர்த்துப் பேசியதில்லை.

"கொட்டப்பட்டதுன்னு போட்டா யார் கொட்டினாங்கன்னு தெரியாது, சார். அந்தம்மாவுக்கு யாருங்கறதுதான் வேணும்."

முஜாஹித் தாளைத் தன் பக்கம் இழுத்து, "கொட்டினார்னே போடும்மா. முப்பத்தொண்ணுங்கறத எழுத்துல எழுது. நம்பர்ல போட்டா நாளைக்கு மூணுன்னு ஆக்கிடுவாங்க" என்றார்.

விழா ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரி அரங்கில். ஜெஸி பாராட்டுரையை வாசித்தாள். எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து டேனரிக் கழிவை ஏற்றிச் சென்று, குண்டுப்பள்ளி குவாரியில் முப்பத்தொரு லோடு கொட்டினார், பின்பு தாமே சென்று அந்த ஊருக்குச் சொன்னார், இடங்களை அடையாளம் காட்டினார் என்று வந்தபோது மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அதில் ஒருவர் கோதண்டராமனின் ஷூ கம்பெனிக்காரர். கோதண்டராமன் சால்வையை வாங்கிக்கொண்டார், பேசச் சொன்னபோது வேண்டாம் என்று கையசைத்தார். சனிக்கிழமை அரை நாள் ஷிப்ட், ஒன்றரைக்குப் பெண்கள் காத்திருப்பார்கள் என்று கிளம்பிவிட்டார். திங்கட்கிழமையும் அந்த பஸ் அவரிடம் இருக்குமா என்று ஜெஸிக்குத் தெரியவில்லை.

முனிரத்தினம்மா கை தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் ஜெஸியிடம் வந்து பாராட்டுரையின் நகலை வாங்கி, மேலும் கீழும் பார்த்தாள்.

"சீல் இல்லயே."

குழுவுக்கு சீலே கிடையாது. யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. சீல் இல்லாத தாளை எந்த ஆபீசிலும் மதிக்க மாட்டார்கள் என்றாள் முனிரத்தினம்மா. மூன்று மணிக்கு அவளுக்கு பஸ். இரண்டு பேரும் பஜாருக்கு நடந்தார்கள். ரப்பர் ஸ்டாம்ப் கடை யாசிர் முக்கால் மணி நேரம் ஆகும் என்றான். பக்கத்தில் பிரியாணிக் கடை வாசலில் வெயில் படாமல் நின்றார்கள். ஜெஸி சாப்பிடக் கூப்பிட்டாள், இது முடியட்டும் என்றாள் முனிரத்தினம்மா.

சீலோடு குழுத் தலைவர் கையெழுத்தும் வேண்டும் என்பது அப்போதுதான் ஜெஸிக்கு உறைத்தது. தயங்கித் தயங்கி கிருபானந்தத்துக்குப் போன் செய்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். வரமாட்டார் என்றே நினைத்தாள். இரண்டே முக்காலுக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கடைக் கண்ணாடி மேஜையில் தாளை வைத்து, நின்றபடி ஒருமுறை முழுவதும் படித்து, கையெழுத்துப் போட்டார். யாசிர் புது சீலை மையில் ஒற்றி, கையெழுத்தின் மேல் அழுத்தி எடுத்தான்.

பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. மடித்துப் பையில் வைக்கச் சொன்னதற்கு, மை ஒட்டிக்கும் என்று முனிரத்தினம்மா கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தாளை இரண்டு மூலையிலும் பிடித்து, காற்று படும்படி உயர்த்திக்கொண்டாள். அவளுக்குக் கை ஒழியாததால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து அவள் பக்கத்து சீட்டில் வைத்தார். பஸ் திரும்பும்போது வெயில் பின்னாலிருந்து விழுந்தது. கீழே நின்ற ஜெஸிக்கு சீலின் ஊதா நிற வட்டம் தாளின் இந்தப் பக்கத்திலும் தெரிந்தது.