எழுபத்தொரு பேர்

மூன்றாவது முறையும் கப்பல் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு எங்கள் துறையை நெருங்கியது. இறங்குபலகை பாதி தாழ்ந்து நின்றது. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் முகங்கள்கூடத் தெரிந்தன. என் சித்தப்பா மகன் தெமெலிஸ் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். தெற்குக் காற்றில் எழும்பிய அலை துறையைத் தாண்டி வந்து காப்பிக்கடை நாற்காலிகளை நனைத்தது. நங்கூரம் பிடிக்கவில்லை. ஒரு முறை ஊதிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு, கப்பல் திரும்பிவிட்டது.

"போறான் பாரு, போறான் பாரு, தோணி ஓட்டக்கூட லாயக்கில்லாதவன்!" என்று கடைக்காரர் சக்கெலாரிஸ் மாலுமியின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். அன்று ஞாயிறு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாள். ஊராட்சிச் செயலாளரான என் கக்கத்தில் படிவக்கட்டு இருந்தது.

அன்றைக்கு யார் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர்க் கணக்கில்தான் அவர். அதனால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை, பிரேயஸ் துறைமுக நகரத்துக்குப் பிழைக்கப்போன எங்கள் ஆட்கள் கப்பலேறி வந்து, பூட்டிய வீட்டைத் திறந்து, தீவுக்காரர்களாக எண்ணப்பட்டுவிட்டுப் போவார்கள். எல்லாத் தீவுகளும் செய்கிற திருட்டுத்தனம்தான். இந்த முறை விளையாட்டில்லை. நூற்றைம்பதுக்குக் குறைந்தால் மருத்துவர் பதவி பக்கத்துப் பெரிய தீவுக்குப் போய்விடும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஊரில் இருப்பது தொண்ணூற்றெட்டுப் பேர். கப்பலில் எழுபத்தொரு பேர்.

என் மனைவி நோமிக்கிக்கு ஆஸ்துமா. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு முறை உதடு நீலமாகிப்போனது. டாக்டர் ஏவாந்தியா ஊசிப்பெட்டியோடு தொண்ணூறு படி ஓடி வந்ததால் பிழைத்தாள். பிரேயஸ் புகையில் அவளால் ஒரு வாரம்கூட மூச்சுவிட முடியாது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நாங்கள்.

வியாழக்கிழமைக் கப்பலிலேயே வந்துவிடுகிறோம் என்று தெமெலிஸ் போனில் சொன்னான். நான்தான் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும் என்றேன். ஒரே வீட்டை ஆறு பேர் பங்குபோட்டுக்கொண்ட ஊர் இது. நாலு நாள் சேர்ந்திருந்தால் சுவருக்கும் கிணற்றுக்கும் அடிதடி நடக்கும், எவனாவது கோபித்துக்கொண்டு எண்ணுவதற்கு முன்பே கிளம்பிவிடுவான் என்று பயந்தேன். ஞாயிறன்று தெற்குக் காற்று வரும் என்ற வானிலை அறிக்கையையும் கேட்டேன். கேட்டும் அப்படித்தான் சொன்னேன்.

மாலை நான்கு மணிக்கு தெமெலிஸ் கூப்பிட்டான். பின்னணியில் தட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"மீக்கெஸ், நாங்க பெரிய தீவுல பத்திரமா இறங்கிட்டோம்டா. பள்ளிக்கூடத்துல படுக்கை போட்டுக் குடுத்திருக்காங்க. கொண்டைக்கடலை சூப்பு, ஆலிவ், எல்லாம் குடுத்தாங்க. நல்ல மனுஷங்க."

"ஃபாரம்?"

"அதையும் அவங்களே எழுதிட்டாங்க. வரிசையா உக்கார வெச்சு, எழுபத்தொரு பேரையும்."

"நீ ஏண்டா குடுத்தே?"

"கையில கரண்டி இருந்துச்சுடா," என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. "கேட்டாங்க, சொல்லிட்டேன்."

எங்கள் டாக்டர் எந்தத் தீவுக்குப் போவாரோ அந்தத் தீவு எங்கள் ஆட்களையும் எழுதிக்கொண்டது. "நீயும் எழுதிடு, பேரெல்லாம் உனக்கு மனப்பாடம்தானே?" என்றார் சக்கெலாரிஸ். ஒரு ஆள் இரண்டு தீவில் இருந்தால் மேலே பிடித்துவிடுவார்கள் என்றேன். அவர் ஈர நாற்காலிகளைத் துடைக்கப் போனார்.

வீடு வீடாகப் போய் எழுதினேன். கடைசியாக எங்கள் வீடு. நோமிக்கி மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். அவள் மூச்சின் விசில் வாசலுக்கே கேட்டது.

"எத்தனை?"

"தொண்ணூத்தெட்டு."

"என்னையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"அப்ப தொண்ணூத்தேழுன்னு சொல்லிப் பழகிக்கோங்க," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னேங்க. சூப்பு ஆறுது, சாப்பிடுங்க," என்றாள். வியாழக்கிழமை விஷயத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் சூப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

திங்கட்கிழமை காலை கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கப்பல் வந்து முதல் முயற்சியிலேயே கட்டியது. பெட்டியும் ஹல்வா பொட்டலமுமாக எழுபத்தொரு பேரும் கத்திக்கொண்டு இறங்கினார்கள். தெமெலிஸ் மட்டும் என்னைப் பார்க்காமல் கட்டிப்பிடித்தான். அரக்கு முத்திரை வைத்த படிவப் பெட்டியை அவர்களுக்கு நடுவே தூக்கிக்கொண்டு பலகையில் ஏறி, மாலுமியிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வந்தேன். அடுத்த கப்பல் வியாழக்கிழமைதான்.

பத்து வருஷமாகப் பூட்டிக்கிடந்த கதவுகள் திறந்தன. மதியத்துக்குள் கிணற்றடியில் சண்டை தொடங்கிவிட்டது. சுவரை யார் நகர்த்தியது, அத்திமரம் யாருடையது என்று பத்துக் குரல்கள் மோதிக்கொண்டன. நோமிக்கி ஜன்னலை முழுக்கத் திறந்துவைக்கச் சொன்னாள். குளிரும் என்றேன். பரவாயில்லை என்று கையசைத்துவிட்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு குரலும் யாருடையது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.