மூன்று பேருக்கான காற்று

சைக்கிள் டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்பது ரப்பர் தோட்டத்து மலை டிவிஷனில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் வாசலில் சைக்கிளைச் சாய்த்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, மூச்சிரைக்கக் காற்றடித்து, கடைசியில் டயரை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். 'டங்'கென்று கேட்டால் ஆள் உருப்படி. டயர் அமுங்கினால் சோம்பேறி. அவனுக்குப் பெண் கொடுத்தவர்கள் பாவம்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால், எழுபத்தெட்டாம் வருடம் கேதரினைப் போலப் பாவப்பட்டவள் ஜெராய் மலையடிவாரத்திலேயே கிடையாது. அவள் புருஷன் ஜூலியஸ் மாதக்கணக்காக அமுங்கிய டயரோடுதான் திரிந்தான்.

"என்னா ஜூலியஸ், பொண்டாட்டி கஞ்சி ஊத்தறது இல்லியா? காத்தடிக்கக்கூட தெம்பில்லாம போச்சா ஒனக்கு?" என்று பக்கத்து வீட்டு முனியாண்டி கேட்பான்.

"ஒனக்குப் புரியாது லா. போய் ஒன் டயரத் தட்டி மேளம் அடி, போ."

முனியாண்டிக்குப் புரியாதுதான். அவனுக்கு வரிசையாக நாலு பிள்ளைகள்.

கேதரினுக்கு வயிற்றில் தரித்தது இரண்டு, தங்கியது ஒன்றுமில்லை. கல்யாணமான வருடமே வந்தது, மாதா கோயில் திருவிழாவுக்கு எஸ்டேட் லோரியில் போய்த் திரும்பிய வாரத்தில் போய்விட்டது. அடுத்தது, ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, கான் என்கிற வடிகால்களைத் தாண்டித் தாண்டிப் பாலுக்கு மரம் வெட்டப் போன நாட்களில் போனது. "குலுங்கிருச்சு, அதான்" என்றது லயம் முழுவதும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரும், "மறுபடி உண்டானா ஒடம்பு குலுங்காமப் பாத்துக்கம்மா" என்று சொல்லி வைத்தார். அந்த ஒரு சொல் ஜூலியஸின் மண்டைக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

மூன்றாவது தரித்தபோது, பஸ் வரும் சாலையோரத்துக் கீழ் டிவிஷனில் வீடு கேட்டுப் பார்த்தான். காலி இல்லை. மாதா மாதம் சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தார்ச் சடக்குக்கு இறங்கிவிட்டால் பஸ் இருக்கிறது. ஆனால் அதுவரைக்கும் கித்தா ரப்பர் மரக் காட்டுக்கு நடுவே இறங்குகிற செம்மண் சடக்கு. மழை அறுத்த பள்ளம், வேர், துருத்திக்கொண்டிருக்கிற கல். லோரியை ஜூலியஸ் நினைத்துப் பார்க்கவும் மாட்டான். அவ்வளவு தூரம் நடக்க அவள் உடம்பில் வலுவில்லை. மிச்சம் இருந்தது சைக்கிள் ஒன்றுதான்.

அப்போதுதான் அவன் அந்த வேலையை ஆரம்பித்தான். அவள் எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கேரியரில் கட்டி, அதன்மேல் பால் வாளியில் தண்ணீர் தளும்ப ஊற்றி, சடக்கில் இறங்குவான். கீழே போய் வாளியைப் பார்ப்பான். கல்லு மாதிரி டயரில் போனபோது பாதித் தண்ணீர் சிந்தியிருந்தது. காற்றைக் கொஞ்சம் விட்டான், சிந்தியது குறைந்தது. இன்னும் விட்டான், தண்ணீர் அப்படியே நின்றது. ஆனால் ஒரு கல்லில் ஏறியதும் சக்கரத்தின் இரும்பு இறங்கி டியூபைக் கடித்துவிட்டது. பாம்பு கொத்தின மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தல். ஒட்டுப் போட்டு மறுபடி ஆரம்பித்தான். முன் சக்கரத்துக்கு ஓர் அளவு, பின் சக்கரத்துக்கு வேறு அளவு, மழை பெய்த மறுநாளைக்கு இன்னொன்று. லயத்துச் சிரிப்பையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் மலை ஏறி இறங்கினான்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டான். கேதரின் கேரியரில் உட்கார்ந்த பிறகு, பின் டயர் தரையைத் தொடுகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு விரல் அளவுக்குப் பிதுங்க வேண்டும். அதற்கு மேல் பிதுங்கினால் இரும்பு கடிக்கும். குறைந்தால் குலுக்கும்.

கம்பளியை மடித்துப் போட்டு அவளை முதல் தடவை உட்கார வைத்துக் கீழே கொண்டுபோனபோது, ஜூலியஸ் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்: "எப்படி இருக்கு?"

"மாதா தேர்ல போற மாதிரி இருக்கு."

அவன் முதுகு சிரித்ததை அவள் பார்த்தாள். நிஜமாகவே முதுகுதான் சிரித்தது.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அது ஒரு சடங்கு ஆகிப்போனது. அவளை உட்கார வைத்து, குந்தி, விரலை டயர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். ஒரு விரலுக்கு மேல் பிதுங்கியிருக்கும்.

"கனத்துட்ட புள்ள! காத்து பத்தல."

"யாரு கனத்தது? நானா, ஒங்க மவனா?"

"ரெண்டு பேருந்தான்." எழுந்து பம்பை எடுத்துக் கொஞ்சம் அடிப்பான். அந்தக் கொஞ்சம் காற்றுதான் அவர்கள் பிள்ளை வளர்ந்ததற்கு அளவு. டாக்டர் என்ன எழுதினாலும் சரி, ஜூலியஸுக்கு டயர் சொன்னால்தான் நம்பிக்கை. தார்ச் சடக்கு ஓரத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முகம்மது ஹனீபாவிடம் சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ் ஏறும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான்.

"அப்ப ரெண்டு பேருக்கு இல்ல, மூணு பேருக்குக் காத்தடிச்சிருக்கேன்னு சொல்லு லா!" என்பார் ஹனீபா. "பாத்துடா, பேருகாலத்துக்குள்ள டயரு வெடிச்சிரப் போவுது."

எட்டாம் மாதம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முன்தினம் காலையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கேதரினுக்கு அது தோன்றியது. நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு பிள்ளை உதைக்கவே இல்லை.

தூங்குகிறது என்று சொல்லிக்கொண்டாள். சீனி போட்டுத் தண்ணீர் குடித்தாள். இடப்பக்கம் சாய்ந்து படுத்தாள். வயிற்றில் கை வைத்து, "ராசா, ஒரு தடவை" என்று கெஞ்சினாள். ஜூலியஸ் வேலை முடிந்து வந்து, முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுழற்றி, விசில் அடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது. நாளைக்கு எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறோம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவன் குந்தி விரலை வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "ஆத்தாடி! இந்த மாசம் என்னா கனம் லா! ஒரு மூட்டை நெல்லு மாதிரி இருக்கான் ஒம் மவன்." பம்பை எடுத்து அடித்தான். அவள் சிரிக்கப் பார்த்தாள்.

சைக்கிள் இறங்கியது. இரவு மழையில் செம்மண் ஊறிக் கிடந்தது. வேர் வந்தது, டயர் அதை விழுங்கிவிட்டு நகர்ந்தது. கல் வந்தது, டயர் அதையும் விழுங்கியது. பள்ளத்தின் ஓரமாகப் பூனை நடக்கிற மாதிரி ஓட்டினான் ஜூலியஸ். கேதரின் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஓர் அதிர்ச்சி வரட்டும். ஒரே ஒரு குலுக்கல். தொட்டிலைத் தட்டினால் தூங்குகிற பிள்ளை விழிக்காதா? ஆனால் அதிர்ச்சி எதுவும் அவள்வரைக்கும் வரவே இல்லை. இத்தனை மாதமாக அவளுக்காக அவன் தேடித் தேடிச் சேர்த்த மென்மையெல்லாம் பஞ்சு மூட்டை மாதிரி நடுவில் நின்று, அவள் பிள்ளையை எழுப்ப விடாமல் தடுத்தது.

"என்னங்க, கொஞ்சம் வேகமாப் போங்களேன்."

"வேகமாப் போனா குலுங்கும் புள்ள."

"குலுங்கட்டும்."

"நல்லாச் சொன்ன போ!" அவன் சிரித்தான்.

"அந்தக் கல்லு மேல ஏத்துங்க."

"எந்தக் கல்லு மேல?"

"எந்தக் கல்லா இருந்தா என்ன, ஏத்துங்கன்னா!"

அந்தக் குரலுக்கு அவன் காலை ஊன்றிவிட்டான். திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அதனால்தான் அவன் பயந்தான்.

"அசையல," என்றாள் கேதரின். "முந்தாநாளு சாயங்காலத்துலேர்ந்து அசையவே இல்ல."

திட்டுவான் என்று நினைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று கத்துவான் என்று நினைத்தாள். ஆனால் ஜூலியஸ் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, பம்பைக் கழற்றி, சைக்கிள் பக்கத்தில் குந்தினான். கித்தா மரங்களுக்கு நடுவே அந்த பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு சக்கரத்துக்கும் அடித்தான். மூச்சிரைக்க அடித்தான். பிறகு டயரைச் சுண்டினான்.

'டங்.'

"ஏறு. என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

இதுவரை ஒதுங்கிப் போன ஒவ்வொரு கல்லையும் அவன் தேடிப் போய் ஏறினான். வேரில் ஏற்றினான். பள்ளத்தில் இறக்கினான். பல் கிட்டிப்போகும்படி சைக்கிள் எகிறியது. கேரியர் இரும்பு அவள் முதுகெலும்பில் ஏறியது.

"அசஞ்சுச்சா?"

"இல்ல!"

"இப்ப?"

"இல்லங்க!"

மரத்தடியில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்த முனியாண்டி நிமிர்ந்து பார்த்துக் கத்தினான். "டேய்! டேய் ஜூலியஸ்! பைத்தியமா ஒனக்கு? புள்ளத்தாச்சிடா அவ!"

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வயிற்றுக்குள் ஏதோ உருண்ட மாதிரி இருந்தது. "இருங்க, இருங்க!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சைக்கிள் நின்றது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் வாளியை வைத்தபின் உள்ளே ததும்பி அடங்குமே, அதுதான். அடங்கிவிட்டது.

ஹனீபா அவர்கள் வருவதைப் பார்த்துவிட்டு, "என்னா லா இது, வயித்துப் புள்ளக்காரிய வச்சுக்கிட்டு இப்படியா..." என்று ஆரம்பித்தார். கிட்டே வந்ததும் முகங்களைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். "பஸ்ஸுக்கு நிக்காத தம்பி. என் கெரேத்தாவுல ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மர ஊதல் போல ஒன்றை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றி வைத்தாள். பிறகு கேதரினின் முகத்தைப் பார்க்காமல் டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனாள்.

உயிரில்லாமல் பிறந்தது ஆண் பிள்ளை. அம்மாவின் மூக்கு, அப்பாவின் காது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. துடிப்பு இன்று நின்றதல்ல, ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது என்றார் டாக்டரம்மா. தமிழ் பேசுகிற நல்ல மனுஷி அவர். கட்டிலில் உட்கார்ந்து கேதரினின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "குலுக்கலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. முன்ன ரெண்டு போனதுக்கும் அது காரணமா இருந்திருக்காது. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல."

ஆறுதலாகத்தான் சொன்னார். கேதரினுக்கு அந்த வாளியும் மணல் மூட்டையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. வெளியே பெஞ்சில் இருந்து உள்ளே வந்த ஜூலியஸிடம் அவள்தான் பிறகு சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப நான் கல்லுல ஏத்துனது?"

"அதுனால இல்லியாம்."

"மெதுவா ஓட்டிட்டுப் போனதும் ஒண்ணுத்துக்கும் இல்ல."

அவள் கட்டிலில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

"அதுனாலயும் இல்ல, இதுனாலயும் இல்ல. அப்ப எதுனாலதான் புள்ள?" என்று கேட்டான். டாக்டரையும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. கழுத்தில் தொங்கிய சிலுவையைக்கூட அவன் தொடவில்லை. தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்து வேலியோரம் இடம் கொடுத்தார்கள். பெட்டியை ஜூலியஸே மடியில் வைத்துக் கொண்டுபோனான். கேதரின் அதைப் பார்க்கவில்லை. அவளை வார்டை விட்டு விடவில்லை.

அவளை அனுப்பிய அன்று இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து ஹனீபா கடையில் இறங்கினார்கள். சைக்கிள் அன்று சாய்த்த இடத்திலேயே நின்றது. கேரியரில் மடித்துப் போட்ட கம்பளி அப்படியே இருந்தது. ஹனீபா இரண்டு தேத்தண்ணியை வைத்துவிட்டு, ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தார்.

ஜூலியஸ் டயரை அமுக்கிப் பார்த்தான். கல்லு மாதிரி இருந்தது. வால்வைத் திருகிக் காற்றை விட்டான். பச்சை உடம்புக்காரி, குலுங்கக் கூடாது. கட்டைவிரலுக்குப் பழைய அளவு மனப்பாடம்; அது வந்ததும் மூடினான்.

"ஏறு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் குந்தி விரலை டயர் பக்கத்தில் வைத்தான்.

வைத்த விரலை எடுக்கவில்லை. கேதரின் குனிந்து பார்த்தாள். டயர் ஒரு விரல் பிதுங்கவில்லை. அரை விரல்கூட இல்லை. அளவு அதேதான், காற்று அதேதான். உட்கார்ந்திருக்கிற ஆள்தான் குறைவு.

"இன்னும் விடணும்," என்றான்.

"விடுங்க."

வால்வைத் திருகினான். 'ஸ்ஸ்' என்று காற்று இறங்கியது. மாதா மாதம் சிரித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அடித்த காற்று. ஒரு விரல் அளவு வந்தது. அவன் மூடவில்லை. அதையும் தாண்டியது. "ஏங்க," என்றாள். அவன் காதில் விழவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கையை வால்விலேயே வைத்திருந்தான். சக்கரத்தின் இரும்பு தரையில் உட்கார்ந்து, சத்தம் ஓய்ந்து, அதன் பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

கேதரின் மெல்ல இறங்கினாள். "வாங்க. நடக்கலாம்."

"நீ நடக்கக் கூடாது புள்ள."

"இனிமே எனக்கு என்னா ஆயிடப்போகுது?"

ஹனீபா பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கொடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

மலைச் சடக்கில் ஏறினார்கள். அவன் சைக்கிளைத் தள்ளினான். அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு, நாலடிக்கு ஒருதரம் நின்று நின்று நடந்தாள். காற்றில்லாத சக்கரம் எதையும் விழுங்கவில்லை. ஒவ்வொரு கல்லிலும் மடித்த கம்பளியோடு வெறும் கேரியர் குலுங்கிக் குலுங்கி அவள் கையில் அதிர்ந்துகொண்டே வந்தது.