லயோரா வேனின் தூரத்துப் பார்வை

ஐயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருந்த ப்ரோக்மயர் வீட்டு மூத்த பெண் ஒட்டிலி, ஹாலிவுட்டுக்கு நடிக்க வரவில்லை. அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த தங்கை ஹுல்டாவோடு தங்கி, தானும் ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம் என்றுதான் வந்தாள். வரும் வழியில், ரயிலில் பக்கத்து சீட்டுப் பெரியவர் அவளுடைய மூக்குக் கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, பதற்றத்தில் மறுபடியும் அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"டிராம் வண்டியிலேருந்து இறங்கினதும் வெள்ளைக் கட்டடம் ஒண்ணு தெரியும். அதுதான் கண் டாக்டர் வீடு," என்று மறுநாள் ஹுல்டா வழி சொல்லி அனுப்பினாள்.

கண்ணாடி இல்லாத ஒட்டிலிக்கு எல்லாக் கட்டடமும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. பெரிய கேட்டும் வரிசையில் நின்ற பெண்களும் கலங்கலாகத் தெரிந்த இடத்தில், நல்ல கூட்டம், ராசியான டாக்டர்தான் போல என்று போய் நின்றுகொண்டாள். அது சினிமா ஸ்டூடியோ. உள்ளே டைரக்டர் ஹோபர்ட் கிரேன், புதுமுகம் தேடித் தேடிக் களைத்துப் போயிருந்தார்.

ஒட்டிலியை இருட்டறையில் நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தில் விளக்கைப் போட்டார்கள். இதுவரை எல்லாம் சரியாகவே நடப்பதாக அவளுக்குப் பட்டது.

"அந்த மூலையப் பாரும்மா. யாரு நிக்கிறாங்க?" என்றார் கிரேன்.

"தெரியலைங்க."

"உன்ன விட்டுட்டுப் போன காதலன் நிக்கிறான்."

பட்டணத்து டாக்டர்கள் இப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மங்கலாத்தான் தெரியுது. கிட்ட வந்தா தெரியும்னு நெனைக்கிறேன்."

கேமராக்காரர் மூக்கை உறிஞ்சினார். கிரேன் தன் நாற்காலியை அவள் அருகில் இழுத்துக்கொண்டார். "எவ்வளவு நாளா இப்படி இருக்க?"

"சின்ன வயசுலேருந்தே. எங்கப்பாவுக்கும் இருக்கு."

அன்று மாலையே அவள் லயோரா வேன் என்ற பெயரில் நடிகை ஆனாள். கண்ணாடி எப்போது கிடைக்கும் என்று ஸ்டூடியோ முதலாளி லாப்பிடஸிடம் கேட்டபோது அவர் பதறிப்போனார். "அந்தப் பார்வைக்குத்தான்மா உனக்குச் சம்பளமே. வீட்டுலகூடக் கண்ணாடி போடக் கூடாது. பத்திரிகைக்காரன் ஜன்னல்ல தொங்கிட்டு இருப்பான்."

படங்கள் வந்தன, ஓடின. எதையும் சட்டை செய்யாமல் தொலைதூரத்தைப் பார்க்கும் அந்தக் கண்ணில் மயங்கி, ஊர் ஊராக ஆண்கள் உருகினார்கள். பெண்கள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பார்வையைப் பழகி, படிக்கட்டில் தடுக்கி விழுந்தார்கள். ஹுல்டா துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, செட்டில் சோபாவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு அக்காவுக்குக் கிசுகிசுப்பாக வழி சொன்னாள்.

"அக்கா, இடது பக்கம் திரும்பு. அது ஜன்னல் திரை, அதக் கட்டிப்பிடிக்காத."

ஒருநாள் தும்மலை அடக்கப் போய் ஹுல்டாவால் வழி சொல்ல முடியாமல் போயிற்று. லயோரா, காதலனின் கோட்டு தொங்கிய ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு பிரியாவிடை வசனம் முழுவதையும் பேசி, அதன் கொக்கியில் முத்தமும் கொடுத்தாள். காதலன் போன பிறகும் அவன் கோட்டோடு பேசுகிறாள், என்ன ஒரு கற்பனை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அந்தக் காட்சியில் கேமராவில் விழாமல் அவளுக்குப் பின்னால் கையை விரித்தபடி நின்ற கதாநாயகன் கார்வின் தோர்ப், ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

தோர்ப்பின் முகத்தை லயோரா தெளிவாகப் பார்த்ததே கிடையாது. ஆனால் அவன் குரல் தேனில் ஊறியது. அந்தக் குரலுக்காகவே அவள் ஸ்டூடியோவுக்கு நேரத்தோடு போனாள். அவன் ஒருநாள் விருந்துக்குக் கூப்பிட்டான். கல்யாணப் பேச்சு எடுப்பான் என்று தெரிந்தது.

"கட்டிக்கப் போற ஆள ஒரு தடவையாவது பாத்துடுக்கா," என்று ஹுல்டா, தான் ரகசியமாகச் செய்யச் சொல்லி வாங்கி வைத்திருந்த கண்ணாடியைக் கைப்பையில் போட்டு அனுப்பினாள்.

சூப் வந்தது. தோர்ப் கல்யாணம் கேட்க அவள் முன் முழங்காலிட்டான். லயோரா கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

அவனுடைய ஒட்டு முடி முன்னால் நழுவி, வகிடு காதோரம் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் பூசிய ஆரஞ்சு நிறம் தாடையோடு நின்றுவிட, கழுத்து வேறொருவருடையது போல இருந்தது. குனியும்போதெல்லாம் தொப்பையை இறுக்கிய இடுப்புப் பட்டை கிறீச்சிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வந்தது. அவன் எழுந்து, சூப்பைக்கூடத் தொடாமல் போய்விட்டான்.

அடுத்த நாள் போர்க்களத்தில் அவன் சாகும் காட்சி. கண்ணாடியோடுதான் நடிப்பேன் என்று அவள் நின்றாள். கிரேன் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் கேமராவை ஓட்டச் சொன்னார். தோர்ப் அவள் மடியில் உயிரை விட்டுக்கொண்டே, ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து கேமரா தன் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தான். அதை இப்போது அவளால் பார்க்க முடிந்தது. சிரித்த சிரிப்பில் அவன் தலை மடியிலிருந்து உருண்டது.

செத்தவன் எழுந்து உட்கார்ந்தான். "சிரிக்கிறியா? இந்தா, நல்லா சிரி," என்று ஒட்டு முடியைப் பிய்த்து அவள் மேல் எறிந்தான். செட்டே சிரிப்பில் குலுங்கியது.

லாப்பிடஸ் அந்தப் பிலிம் துண்டைத் தன் அறையில் போட்டுப் பார்த்து, சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துப் படுத்துவிட்டார். விக்கல் நின்றதும், "இதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு கதையத் தைச்சுப் போடுங்க," என்று உத்தரவிட்டார்.

அன்று மாலை தோர்ப் வழுக்கைத் தலையோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மூணு வருஷமா நீ என்னையேதான் பாத்துட்டிருந்ததா நெனச்சேன்," என்றான்.

"எனக்கு நீங்க ஒரு மஞ்சள் மேகம் மாதிரிதான் தெரிஞ்சீங்க. ஆனா குரல் கேட்டா போதும், எங்க நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுடும்."

"அப்புறம் ஏன் கோட்டு ஸ்டாண்டுக்கு முத்தம் குடுத்த?"

"அன்னிக்கு நீங்க பேசவே இல்லையே."

அவன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கு அந்தக் காட்சியில் வசனம் கிடையாதுதான்.

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவன் தலையை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள். "இதுதான் நல்லாருக்கு. உள்ள வாங்க."

கல்யாணம் நடந்தது. தடிக் கண்ணாடிக்காரியும் வழுக்கைக் கணவனும் ஓயாமல் சண்டை போடும் படங்கள் வரிசையாக வந்தன. தோர்ப்புக்கு முதலில் மானம் போகிறதே என்று இருந்தது. தியேட்டரில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேட்ட பிறகு, காலையில் எழுந்ததும் தலைக்கு மெருகேற்ற ஆரம்பித்தான். ஹுல்டா கேமராக்காரரைக் கட்டிக்கொண்டாள். அவர் வீட்டிலும் எதற்கெடுத்தாலும் மூக்கை உறிஞ்சினார்.

டெலிவிஷன் வந்து, பழைய படங்களை வீட்டுக்குள் காட்டத் தொடங்கிய காலத்தில், ஒரு மத்தியானம் ஒட்டிலி தன் முதல் படத்தை முதல் முறையாகத் தெளிவாகப் பார்த்தாள்.

"யாருங்க இவ, பஸ்ஸத் தவற விட்டவ மாதிரி நிக்கிறா?" என்றாள்.

"பேசாம பாரு," என்றார் தோர்ப். அவர் கைக்குட்டையை எடுத்திருந்தார்.