நஷ்டத்தில் எங்கள் பங்கு

அன்று என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: கல்சோம் ஆகிய நான், என் தம்பி தெராமான், என் மகள் ரொஹானி, வங்கியிலிருந்து வந்த ஃபாட்லி. சன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்களை நான் சேர்க்கவில்லை.

ஃபாட்லி ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தார். எங்கள் மீன் அப்பளப் பட்டறையின் மழைக்காலப் பணம், எண்பதாயிரம் ரிங்கிட், அவருடைய வங்கியின் இஸ்லாமிய முதலீட்டுக் கணக்கில் இருந்தது. நவம்பர் முதல் சனவரி வரை எங்கள் ஊரான மாராங்கில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இல்லை, அப்பளமும் இல்லை. ஆனால் என் பட்டறையில் பதினெட்டுப் பெண்களின் சம்பளம் ஒரு மாதமும் நின்றதில்லை. அந்த வருடம் அந்தக் கணக்கில் எங்களுக்கு ஆறாயிரத்து முந்நூறு நஷ்டம். நெடுநாள் வாடிக்கையாளர் என்பதால் அதை வங்கியே அன்பளிப்பாக ஈடுகட்டும், கையெழுத்திட்டால் போதும் என்றது கடிதம்.

"போடுக்கா. வீடு தேடி வர்றதை ஏன் வேணாங்கிறே?" என்றான் தெராமான்.

"கணக்கு ஆரம்பிச்சப்ப எதுல கையெழுத்துப் போட்டேன்னு தெரியுமாடா?"

"அரபுப் பேரு போட்டிருந்துச்சு. மார்க்கம் படிச்சவங்க பாத்து ஒத்துக்கிட்டதுன்னாங்க. அதுல எப்படி நஷ்டம் வரும்னு நெனச்சேன்."

ரொஹானி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊர் வியாபாரிகளில் பாதிப்பேர் அப்படித்தான் போட்டார்கள். நான் அந்தப் படிவத்தை மூன்று நாள் படித்தேன். பணம் எங்களுடையது, உழைப்பு வங்கியுடையது. லாபம் வந்தால் இருவருக்கும், நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்கு. முதலுக்கு உத்தரவாதம் இல்லை. அந்தக் கடைசி வரிக்காகத்தான் கையெழுத்திட்டேன்.

"இது வட்டியில்ல ஹாஜியம்மா. நாங்க மனசாரக் குடுக்கறது," என்றார் ஃபாட்லி.

"அடுத்த வருஷமும் நஷ்டம் வந்தா?"

"அப்பவும் குடுப்போம். நீங்க கவலையே படவேணாம்."

"அப்ப அதுக்குப் பேரு அன்பளிப்பு இல்ல தம்பி. உத்தரவாதம். முதலுக்கு உத்தரவாதம் வந்துட்டா, வர்ற லாபமும் வட்டிதான்."

"மத்த கடைக்காரங்க எல்லாரும் வாங்கிட்டாங்க."

"அவங்க வீட்டுக்குப் போய் நான் ஒண்ணும் சொல்லலையே."

எங்கள் தந்தை படகு வைத்திருந்தார். டீசலும் பனிக்கட்டியும் அவர் செலவு. பிடித்த மீனில் அவருக்கும் படகோட்டிக்கும் பங்கு. ஒரு படகோட்டி மூன்று முறை வெறுங்கையோடு திரும்பி, வெட்கப்பட்டு, செலவுக்கு ஈடாக மனைவியின் வளையலை எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனார். தந்தை அன்றே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். 'என் பணம் போச்சு, உன் உழைப்பு போச்சு, சரியாப் போச்சு' என்றார். வளையலைத் துணியில் முடிந்து அவருக்குப் பின்னால் எடுத்துப் போனவன் தெராமான்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அப்பாவுக்குப் பதினெட்டுப் பேர் சம்பளம் இருந்துச்சா? சனவரிக்கு என்ன பண்ணப் போறே?"

"ஆறாயிரம் இடிக்குதும்மா," என்றாள் ரொஹானி, மெதுவாக.

சம்பளம் நின்றால் அந்தப் பெண்கள் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்காது. ஆனாலும் கடிதத்தை ஃபாட்லியின் பக்கம் தள்ளினேன்.

"எடுத்துட்டுப் போங்க. சம்பளத்துக்கு வேண்டியதை எடுப்பேன், கணக்கை மூட மாட்டேன். மழை முடிஞ்சதும் மறுபடி போடுவேன்."

"நஷ்டம் வந்தும் இருக்கப் போறீங்களா?"

"நஷ்டம் வந்ததாலதான் இருக்கேன். நீங்க பண்றது வியாபாரம்னு இப்பதான் நம்பிக்கை வந்துச்சு. அதைக் கெடுத்துறாதீங்க."

சனவரியில் நான் ரொஹானியை வங்கியின் பின்வாசலுக்கு அனுப்பி அந்த ஆறாயிரத்து முந்நூறை வாங்கிக்கொண்டதாகச் சந்தையில் பேசுகிறார்கள். அவள் போகவில்லை. சம்பளத்தில் இடித்த பணத்துக்காக எங்களிடம் இருந்த சின்னப் படகை விற்றேன், மழைக்காலத்தில் படகுக்குக் கிடைக்கும் பாதி விலைக்கு. அதைப் படகுத்துறைக்கு வடக்கே கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். வாங்கியவர் பழைய பெயரின்மேல் பச்சை வண்ணம் பூசியிருக்கிறார், இன்னும் காயவில்லை.