அலமேலு சுட்ட தயிர்க் கேக்

வேனுக்குள் கேக் சுடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. தரை சாய்ந்திருந்தால் கேக்கும் சாயும். ஒரு பக்கம் கன்னம் உப்பி, மறுபக்கம் ஒட்டிப்போய், பல்வலிக்காரன் மூஞ்சி மாதிரி வந்து நிற்கும். அதனால் ஹன்னா எடுத்த எடுப்பில் அடுப்பைப் பற்றவைக்கமாட்டாள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி மேடைமேல் வைப்பாள். தண்ணீர் எந்தப் பக்கம் விளிம்பைத் தொடுகிறதோ, அந்தப் பக்கத்துச் சக்கரத்தை டிரைவர் ரவி பலகைமேல் ஏற்ற வேண்டும்.

"இன்னும் ஒரு விரக்கடை ஏத்து, ரவி."

"யக்கா, நீ கேக் சுடறியா, வீடு கட்டறியா? மூணு தரம் ஏத்தி எறக்கிட்டேன்."

"பேசிக்கினே இருக்காத, ஏத்து."

திருப்பதி ஊருக்கு வெளியே, ஒரு மாந்தோப்பை வெட்டி வண்டி நிறுத்துமிடமாக ஆக்கியிருந்த மண் தரை அது. மேடும் பள்ளமும். நாலாம் தடவை தண்ணீர் சமமாக நின்றது. ரவி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெட்டாமல் விட்டிருந்த ஒரு மாமர நிழலுக்குப் போனான்.

வண்டியின் சொந்தக்காரர் பாலையா. பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டில், ஒரு பீரோ, தாம்பாளம் அளவுக்கு ஒரு சிங்க், இரண்டு பர்னர் அடுப்பு என்று வைத்து ஓடும் வீடாக்கியிருந்தார். சென்னை, பெங்களூர் பக்கமிருந்து சாமி கும்பிட வரும் குடும்பங்கள் வாடகைக்கு எடுப்பார்கள். சமையலுக்கு ஆளும் உண்டு என்பதுதான் அவர் வண்டியின் பெருமை. அந்த ஆள்தான் ஹன்னா.

சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் வீடு. பன்னிரண்டு வருஷம் ஒரு ஹாஸ்டலில் சமைத்தாள். ஹாஸ்டலை மூடிவிட்டார்கள். பிறகு மூன்று சீசன் மாம்பழக் கூழ் ஃபேக்டரி. நாள் முழுக்க ஈரத்தில் நின்று, மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துபோனது. ராத்திரி தோசை தின்னக்கூட விரல் மடங்காது. நாலாவது சீசன் வருவதற்குள் வேறு வேலை கிடைக்கவில்லை என்றால் செத்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பாலையா கூப்பிட்டார். கூப்பிட்டவர் ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"பாரும்மா, நம்ம பார்ட்டிங்க எல்லாம் கோயிலுக்கு வர்றவங்க. பேரு கேட்டா அலமேலுன்னு சொல்லு. ஞாயித்துக்கெழம லீவு கேக்காதே, அதுலயே தெரிஞ்சிடும். மூணு ட்ரிப் பாக்கறேன். ஒரு கம்ப்ளைன்ட் வந்துச்சோ, நீ உன் மாங்கா ஃபேக்டரிக்கே போயிடு."

ஹன்னா சரி என்று தலையாட்டிவிட்டாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வது! இரண்டு ட்ரிப் ஓடியது. இரண்டு ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. சின்ன வருத்தம் இன்னொன்றும் உண்டு. 'அலமேலு, அலமேலு' என்று யாராவது கூப்பிட்டால் அவளுக்கு உறைக்கவே உறைக்காது. மூன்றாவது தடவைதான் திரும்புவாள். அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று ரவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

இது மூன்றாவது ட்ரிப். சென்னையிலிருந்து கோதையும் அவள் கணவர் வரதனும். போன வருஷம் வரதனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. பிழைத்து எழுந்தால் மொட்டை போடுகிறேன் என்று கோதை வேண்டிக்கொண்டிருந்தாள். மொட்டை அவருக்கு, வேண்டுதல் இவளுக்கு. காலையில் மலைக்கு ஜீப் ஏறுமுன் கோதை சமையல் மேடைப் பக்கம் வந்து நின்றாள்.

"அலமேலு... அலமேலு... அலமேலு! இன்னிக்கு எங்க கல்யாண நாள். முட்டை போடாம ஒரு கேக் பண்ண முடியுமா? போன வருஷம் இந்த நாள்ல அவர் ஐசியூல இருந்தார். இந்த வருஷம் அவர் கையால வெட்டணும்னு ஒரு ஆசை."

"செஞ்சிடலாம்மா. நாலு மணிக்கு ரெடியா இருக்கும்."

முட்டை இல்லாமல் ஹன்னா கேக் சுட்டதே இல்லை. சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அவள் சுடும் கேக்கில் பத்து முட்டை விழும். ஆனால் வாய் சொல்லிவிட்டது, கை செய்தாக வேண்டும். புளிக்காத தயிரில் சோடா மாவைப் போட்டுப் பொங்கவிட்டாள். மைதா, சர்க்கரை, எண்ணெய், ஏலக்காய். மாவு கெட்டியாக, கரண்டியிலிருந்து வழுக்கி விழும் பதத்துக்கு வந்தது. குக்கரின் அடியில் மணலைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, மாவை ஊற்றிய தட்டை உள்ளே இறக்கி மூடினாள்.

இருபது நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தாள். மேலே மெல்லிய தோல் கட்டியிருந்தது. கத்தியை எண்ணெயில் தோய்த்து நீளவாக்கில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டாள். அப்படிப் போட்டால் கேக் கண்டபடி வெடிக்காமல் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். அவள் அம்மா அப்படித்தான் செய்வாள், காம்பவுண்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள். கோடு போடும்போது யாருக்காகச் சுடுகிறோமோ அவர்கள் பேரை வாய்க்குள் சொல்வார்கள். கோதை, வரதன் என்று ஹன்னாவும் சொன்னாள். மூடியை மூடிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

மூன்றே முக்காலுக்கு கேக்கை இறக்கி வெளியே எடுத்தாள். பொன்னிறம். சாய்வு கிடையாது. வாசனை மாமரம்வரை போய் ரவியை எழுப்பியது.

"யக்கா! இன்னாக்கா இது?"

அப்போதுதான் ஹன்னா பார்த்தாள். கேக் நடுவில் நன்றாக எழும்பி, கோடு அகலமாக வெடித்து, தட்டு நிறைய ஒரு சிலுவை! சர்ச் வாசல்மேல் வைத்தது போல அத்தனை தெளிவு. கை பழக்கத்தில் செய்ததை மூளை இப்போதுதான் கணக்கில் எடுத்தது.

மேல்பாகத்தைச் சீவிவிடலாம் என்று கத்தியை வைத்தாள். முட்டை இல்லாத கேக், பிடிப்பே இல்லை, ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குள் ரவி ரோட்டைப் பார்த்துக் கத்தினான். "ஜீப்பு வந்துட்ச்சுக்கா! கவுத்துடு. அடிப்பக்கம் மேல வரட்டும், சக்கரையத் தூவிடு, யாருக்குத் தெரியப்போவுது?"

கவிழ்த்தாள். சர்க்கரையைத் தூவினாள். அடிப்பக்கம் பளிங்கு மாதிரி இருந்தது. கர்த்தாவே, இந்த ஒரு வாட்டி, என்றாள்.

வரதன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினார். கோதை முகத்தில் ஒரு வருஷத்துப் பாரம் இறங்கிய களை. மரத்தடியில் மடக்கு மேஜை போட்டு ஹன்னா கேக்கை வைத்தாள். கோதை கணவரின் கையைப் பிடித்துக் கத்தியை வைத்தாள். அழுத்தினார்கள்.

கேக்குக்கு அடியில் இருந்தது குமிழும் வெடிப்பும். எப்படித் தாங்கும்? கத்தி பாதி இறங்குமுன் பொதுக்கென்று அமுங்கி, நாலு துண்டாகப் பிரிந்து தட்டில் சரிந்தது.

கோதையின் கை நின்றுவிட்டது.

"உடைஞ்சுடுத்தே," என்றாள். "இன்னிக்குப் போய்... உங்க கையில... உடைஞ்சுடுத்தே."

"கேக்தானே கோதை, விடேன்," என்றார் வரதன்.

"முட்ட போடல இல்ல மேடம், அதான் உதுந்துட்ச்சு," என்றான் ரவி.

கோதைக்கு எதுவும் காதில் ஏறவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. ஐசியூ வாசலில் இருந்த பயம் அப்படியே திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஹன்னா வேன் படியில் நின்றாள். ரவி சொன்னதையே திருப்பிச் சொன்னால் போதும், ட்ரிப் முடிந்துவிடும். வேலை நிலைத்துவிடும். ஆனால் இந்த அம்மா இந்த உடைந்த கேக்கை வீட்டுக்குக் கொண்டுபோவாள். அந்த மனுஷன் இருமும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தான் ஒளித்த ஒன்றுக்காக இன்னொருத்தி ஏன் வருஷக்கணக்கில் பயப்பட வேண்டும்? அந்த நினைப்பே ஹன்னாவுக்குச் சகிக்கவில்லை.

இறங்கி வந்தாள். நாலு துண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, மேல்பக்கம் மேலே வர, தட்டில் சேர்த்து வைத்தாள். சிலுவை வந்து நின்றது.

"இது ஒடையலம்மா. நான் கோடு போட்ட எடத்துலதான் பிரிஞ்சிருக்கு, பாருங்க. வேவறப்ப இப்டி போட்டு, யாருக்கு சுடறமோ அவங்க பேரச் சொல்லுவோம். எங்க ஆளுங்க வழக்கம். உங்க பேரும் ஐயா பேரும் சொன்னேன். அப்புறம் பயந்து கவுத்து வெச்சேன், அது என் தப்பு. அலமேலுங்கறது பாலையா சார் சொல்லச் சொன்ன பேரு. என் பேரு அலமேலு இல்ல. ஹன்னா."

ரவி தலையில் கைவைத்துக்கொண்டான்.

கோதை சிலுவையைப் பார்த்தாள். ஹன்னாவைப் பார்த்தாள். பிறகு ஒரு கால் பாகத்தை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். அவர் கடித்தார். அதன் பிறகுதான் அவள் இன்னொன்றை எடுத்தாள்.

"எங்க பேரைச் சொன்னேளா?"

"ஆமாம்மா. ரெண்டு பேரையும்."

கோதை மென்று விழுங்கினாள். "ரவி, பாலையாவுக்குப் போன் போடு."

தொலைந்தது, என்று ஹன்னா விரல் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டாள். புதுத் தோல் இப்போதுதான் வந்திருந்தது.

"பாலையா சார், சாப்பாடு நன்னா இருந்தது, கேக்கும் நன்னா இருந்தது," என்றாள் கோதை போனில். "ஆனா ஒரு புகார் இருக்கு. சமைச்சவா பேரை எங்ககிட்ட பொய்யாச் சொல்லச் சொல்லியிருக்கேள். நெஜத்தைச் சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. ஆனா என்னைக் கேட்டிருக்கணும் நீங்க. இனிமே அவங்க பேரைச் சொல்லியே அனுப்புங்கோ."

போனை ஹன்னாவிடம் கொடுத்தாள். அந்தப் பக்கம் பாலையா தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா... ஞாயித்துக்கெழம பெங்களூர் பார்ட்டி ஒண்ணு இருக்கு. காலைல அஞ்சு மணிக்கு வந்துடு."

"ஞாயித்துக்கெழம ஆராதன இருக்குங்க. முடிச்சுட்டு பதினோரு மணிக்கு வரேன்."

"பார்ட்டிகிட்ட என்னன்னு சொல்றது?"

"ஹன்னா வருவான்னு சொல்லுங்க. வேணான்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

"சரிலேம்மா. பதினொண்ணுன்னா பதினொண்ணு, லேட் பண்ணாதே," என்று வைத்துவிட்டார்.

மீதி இருந்த இரண்டு துண்டில் ஒன்றை ரவி எடுத்துக்கொண்டு பலகையை உருவப் போனான். இன்னொன்றை ஹன்னா சிங்க் பக்கம் நின்று தின்றாள். ஏலக்காய் ஒரு சிட்டிகை அதிகம். தயிர் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்.

"ஹன்னா," என்று வெளியே கோதையின் குரல் கேட்டது. "ஒரு வாய் காபி கிடைக்குமா?"

முதல் தடவையிலேயே திரும்பிவிட்டாள்.