தலையில்லாத ராசாக்கள்

காயப்போட்ட சாரன்களை எடுக்கப் பின்வளவுக்குப் போன ஜெனூபாவைப் பார்த்து, தலையில்லாத ஓர் ஆள் வலது கையைத் தூக்கினான். மார்கழி மழை கொஞ்சம் விட்டிருந்த பின்னேரம். தறிக்கொட்டிலின் தகரக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே, அவளுடைய புருசன் றஸாக்கின் பழைய கோடுபோட்ட சேர்ட்டை மாட்டிக்கொண்டு, கழுத்துக்கு மேலே ஒரு துண்டு எஸ்லோன் பிளாஸ்டிக் பைப் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, அது கையைத் தூக்கியது, இறக்கியது, மறுபடியும் தூக்கியது. அவள் கையிலிருந்த சாரன்கள் அத்தனையும் சேற்றில் விழுந்தன. கொட்டிலுக்குள்ளிருந்து றஸாக் சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்ததால் அவளுக்கு ஏசவும் மனம் வரவில்லை, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை.

"மனிசர உசிரோட கொல்லப் பாக்கிறீங்களா மச்சான்?"

"ஆட்டிடையன், புள்ள. ஒனக்கு ஸலாம் சொல்றான்."

றஸாக் மருதமுனையில் விசைத்தறி திருத்துகிறவன். கல்முனையில் சேலை வியாபாரம் செய்யும் கேசினி, தறிக்காரர்களிடம் சேலை எடுக்க வந்த இடத்தில், கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய வீடியோ ஒன்றை அவனிடம் காட்டியிருக்கிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு யாரோ ஒருவருடைய வீட்டு முற்றத்தில் பொம்மைகள் தாமாகத் தலையாட்டுகின்றன, குனிந்து கும்பிடுகின்றன. இப்படியொன்று எங்கள் யேசு பாலன் குடிலுக்கும் செய்யலாமா காக்கா என்று, அண்ணனை அழைப்பது போலக் கேட்டிருக்கிறாள். அதோடு இந்த மனிதனுக்குச் சோறு தண்ணீர் மறந்துபோயிற்று. மூன்று ராசாக்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிய வேண்டும், இடையன் கை தூக்க வேண்டும், கழுதை தலையாட்ட வேண்டும். சம்மாந்துறைப் பழைய இரும்புக் கடையில் பஸ்களின் வைப்பர் மோட்டர்களைப் பொறுக்கி வந்தான். தறியில் நூலை ஏற்றி இறக்குவதற்கு இருப்பது போலவே மரத்தில் கோணல் வட்டங்கள் வெட்டினான். எது எப்போது அசைய வேண்டும் என்பதைப் பழைய சலவை மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய டைமர் பார்த்துக்கொள்ளும். முகம் மட்டும் செய்யமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். உருவம் வடிப்பது நமக்கு ஆகாது, உடம்பும் அசைவும் என் பொறுப்பு, தலைகள் உங்கள் பொறுப்பு. கேசினியும் சரி என்றாள். அதனால்தான் கொட்டிலுக்குள் மூன்று ராசாக்களும் தலையில்லாமல் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். கழுதைக்கு மட்டும் பாரம் சரிபார்க்கத் தலை தேவைப்பட்டதால் ஒரு பெயின்ட் வாளி கட்டித் தொங்கவிடப்பட்டு, அது எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்வது போல ஓம் ஓம் என்று ஆடிக்கொண்டிருந்தது.

ஜெனூபா பிறவிச் சந்தேகக்காரி அல்ல. ஈஸ்டர் அன்று சேர்ச்சுகளில் குண்டுகள் வெடித்த வருசத்தில், சாய்ந்தமருதில் குண்டுக்காரரின் கூட்டம் ஒளிந்திருந்த அந்த வீடு வெடித்த பிறகு, சந்தேகம் அவளிடம் வந்து குடியேறியது. அவளுடைய தம்பி றிஸ்மி அப்போது ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். கடையில் வயரும் பற்றரியும் இருந்தன. ரேடியோக் கடையில் வேறென்ன இருக்கும்? அவனைக் கொண்டுபோன பொலிஸார் ஒரு வருசம் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் இன்று மரக்கறி விற்கிறான், வீட்டில் பல்ப் மாற்றுவதற்கும் ஆள் கூப்பிடுகிறான். றஸாக்கும் அதன்பிறகு வெளியாட்களின் வேலையை விட்டுவிட்டு, தறி, வீடு, பள்ளிவாசல் என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறான். நிமிர்ந்ததும் எடுத்த வேலை, வயரும் மோட்டரும் டைமரும். அதுவும் யாருக்கு? அந்த ஈஸ்டரில் மட்டக்களப்பில் பெரியம்மாவின் மகளைப் பறிகொடுத்த கேசினிக்கு.

"அவளுக்கு எப்பிடி மனம் வந்த, நம்மளுக்கிட்ட இந்த வேலயத் தாறத்துக்கு? யோசிச்சுப் பாத்தீங்களா?"

"நல்ல மனம் உள்ளதால வந்த. அதெல்லாம் சனம் மறந்து பெய்த்து புள்ள."

"மறந்த சனம் என்னத்துக்கு இன்னமும் என்ட பேக்கத் தொறந்து தொறந்து பாக்கிற?"

அவன் குனிந்து ஒரு நட்டை முறுக்கினான். வாளி மட்டும் ஓம் என்றது.

பக்கத்து வீட்டு ஹாஜறா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, கொட்டிலுக்குள் என்ன டிக் டிக் என்று கேட்கிறது என்றாள். மணிக்கூடு என்றாள் ஜெனூபா. அவ்வளவு பெரிய மணிக்கூடா என்று ஹாஜறா கேட்ட கேள்வி ராத்திரி முழுக்க அவள் காதில் கிடந்தது. மறுநாள் கரண்ட் மீட்டர் பார்க்க வந்த பையனிடம் அடையாள அட்டை கேட்டாள். அவன் பாவம், வேலைக்குப் புதிது, பேர்ஸையே எடுத்து நீட்டினான். இரண்டு தரம் வீட்டு முன் ஒழுங்கையால் போன மோட்டார் சைக்கிளின் இலக்கத்தை மனப்பாடம் செய்தாள். எல்லாரையும் சந்தேகப்பட்டு முடிந்த பிறகு, மிச்சம் இருந்தது வீட்டுக்காரன்தான்.

அவன் டைமரையும் வயர்களையும் ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கிப் பூட்டுப் போட்டான். கேட்டால், கரண்ட் உள்ள சாமான், கை வைக்காதே என்றான். போன் கோல் வந்தால் முருங்கைமரத்தடிக்குப் போய்த்தான் கதைத்தான். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதும், அவளே அந்த மரத்தடியில் நின்றுதான் தன் உம்மாவோடு கதைப்பாள் என்பதும் அந்த நாட்களில் ஜெனூபாவுக்கு நினைவில் இருக்கவில்லை. நினைவில் இருந்தது வேறு. அந்த வருசத்தில், தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்ன குண்டுக்காரரின் பெண்சாதிமாரைப் பற்றி ஊரே பேசியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாமல் போகுமா என்று கேட்டவர்களில் அவளும் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை அவன் ஜும்ஆத் தொழுகைக்குப் போன கையோடு கொட்டிலுக்குள் போனாள். பூட்டைத் தொடவில்லை. பெட்டியின் பின்பலகையைத் திருப்புளியால் கழற்றினாள். ஓர் ஆணி உருண்டு ஓடியது. ராசாக்கள் மூவரும் தலையில்லாமல் சுற்றி நின்றார்கள். பலகை கழன்றதும் அவளை அறியாமலே இரண்டு அடி பின்னுக்குப் போய், சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் உள்ளே பார்த்தாள். டைமர் இருந்தது, சைக்கிள் செயின் ஒரு துண்டு இருந்தது. ஒவ்வொரு வயரிலும் சேலைக்கரைத் துண்டு ஒன்றைக் கட்டி, மார்க்கர் பேனையால் எழுதியிருந்தான். மூத்த ராசா. நடு ராசா. கடைசி ராசா. இடையன். கழுதை. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து அவனுக்கு. வயர்க்கட்டைப் பிரித்தும் தூக்கியும் அடிப்பலகை வரை பார்த்தாள். வேறொன்றும் இல்லை.

அப்படியே தரையில் குந்தினாள். வெட்கம் வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை. தன் மேல் என்றால் அழலாம், ஊரின் மேல் என்றால் ஏசலாம். ஆணியைத் தேடியெடுத்து முறுக்கிவிட்டு, பள்ளிவாசலிலிருந்து வந்தவனுக்கு இரண்டு முட்டை பொரித்து வைத்தாள். இன்றைக்கு என்ன விசேசம் என்று கேட்டுக்கொண்டே அவன் சாப்பிட்டான்.

நத்தாருக்கு முதல்நாள் உருப்படிகளை லாண்ட்மாஸ்டர் ட்ராக்டர் பெட்டியில் ஏற்றினான். நானும் வருகிறேன் என்று ஜெனூபா கறுப்புக் குடையோடு ஏறிக்கொண்டாள். அவனைப் பிடித்துக்கொண்டு போனால், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று பார்ப்பதற்காவது ஆள் வேண்டும். கேசினியின் முற்றத்தில் ஓலைக்குடில் தயாராக இருந்தது. கடதாசிக் கூழில் அவள் செய்திருந்த தலைகளை றஸாக் பார்வையை ஒதுக்கிக்கொண்டு பொருத்தினான். கழுதை ஆட்டைப் போலத்தான் இருந்தது, ஆனால் வாளியைவிடப் பரவாயில்லை. கேசினி கேக் கொண்டுவந்து வைத்தாள். ஜெனூபா தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுங்க அக்கா. பிரண்டி ஒண்டும் போடல்ல. உங்க ரெண்டு பேருக்கெண்டு வேறயா செஞ்சது இது."

ஜெனூபா எடுத்துக் கடித்தாள். நல்ல கேக். இந்தப் பெண்ணையா இத்தனை நாளும் மனதுக்குள் நிறுத்தி வைத்து விசாரித்தோம் என்றிருந்தது. சனம் மறந்துவிட்டது என்று புருசன் சொன்னதுதான் சரி, எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்று முதல் தடவையாக நினைத்தாள். அப்படி நினைத்ததில் உடம்பே இலேசானது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு முற்றம் நிறையச் சனம். கரோல் பாடுகிற பிள்ளைகள், அயலவர்கள், சேர்ச்சுக்குக் காவல் வந்த பொலிஸ்காரர் இருவர் கேற்றடியில். றஸாக் பெட்டிக்கு முன்னால், சனத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தினான். பாட்டு முடிந்தது. அவன் சுவிட்சைப் போட்டான். குடிலுக்குள் வெளிச்சம் வந்தது. முதல் ராசா குனிவதற்கு முன் அந்த டைமர் கொஞ்ச நேரம் சும்மா ஓட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரமும் டிக், டிக், டிக் என்ற சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது.

முன்னால் நின்ற ஒரு வயதானவர் ஓர் அடி பின்னுக்கு வைத்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள். ஒருவரும் கத்தவில்லை, ஓடவில்லை. பிள்ளைகளின் தோளில் கைகள் வந்து விழுந்தன. சனம் அப்படியே மெல்ல மெல்லப் படிக்கட்டுப் பக்கமாகவும் மதில் பக்கமாகவும் ஒதுங்கியது. கேசினியும் தன் மகளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்னுக்குப் போனாள். அவள் கண் பெட்டியிலேயே இருந்தது. அந்த முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான். ஈர மணலில் யாருடையதோ ஒரு ரப்பர் செருப்பு தனியாகக் கிடந்தது.

இத்தனை கிழமையாக ஜெனூபா சொல்லிவந்தது கண்ணுக்கு முன்னால் நடந்துவிட்டது. அதில் அவளுக்கு ஒரு துளி சந்தோசமும் வரவில்லை. கேசினியைக் குற்றம் சொல்லவும் வாய் இல்லை. கொட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது யார்? அவள் பயந்தது இப்போது ஒன்றுக்குத்தான். மூத்த ராசா குனிந்ததும் இந்த மனிதன் திரும்புவான். சனத்தின் முகத்தைப் பார்க்கத் திரும்புவான். அதற்காகத்தானே இவ்வளவும் செய்தான். திரும்பினால், வெறும் மணலைத்தான் பார்ப்பான். மறுபடி தலையைக் குனிந்துவிடுவான், இந்த முறை நிமிரமாட்டான்.

அவள் அந்த வெறுமைக்குள் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்ணும் தன் மேல் இருப்பது தெரிந்தது. றஸாக்குக்கு நேர் பின்னால், அவன் தோளைத் தொடுகிற தூரத்தில் போய் நின்றாள்.

"சனம் பாக்கிதா புள்ள?" பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"ஓம். பாக்கிறாங்க."

"என்ன ஒரு சத்தத்தையும் காணல்ல?"

"மலைச்சிப் போய் நிக்கிறாங்க."

மூத்த ராசா நெஞ்சில் கைவைத்து அழகாகக் குனிந்தார். றஸாக் சிரித்துக்கொண்டே திரும்பத் தொடங்கினான். ஜெனூபா கையிலிருந்த கறுப்புக் குடையைச் சட்டென்று விரித்து, தலைக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்தாள். திரும்பியவனுக்கு அவள் முகமும் குடையும் மட்டுமே தெரிந்தன.

"மழையா?"

"ஓம், தூறுது. நீங்க வேலயப் பாருங்க."

ஒரு துளியும் விழவில்லை. மூத்த ராசா நிமிர்ந்தார், நடு ராசா குனியத் தொடங்கினார். ஜெனூபா குடையை இன்னும் கொஞ்சம் பதித்துப் பிடித்தாள்.